முங்கிக் குளிக்க ஒரு குளம்

"எனக்கு நீச்சல் தெரியாது, மாமா" என்றான் தங்கை மகன். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல். வயது பன்னிரண்டு. பாலராமபுரத்தில் குடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பத்துக் கிலோமீட்டருக்குள் விழிஞ்ஞம் கடல். மறுபக்கம் நெய்யாறு. நடுவில் எத்தனையோ குளங்கள். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் வளர்கிற பையன் இடுப்பளவு நீரில்கூட நின்றதில்லை.

கடல் என்ற யோசனையைத் தங்கை முதலிலேயே தள்ளிவிட்டாள். நியாயம்தான். இந்தக் கரையில் கடல் பார்ப்பதற்கு. கோவளத்திலேயே சிவப்புக் கொடி நட்டு விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் அலை காலடி மண்ணைப் பறித்துக்கொண்டு போகும். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது பழக்கம். மற்றவர்களுக்கு நீச்சல் என்றால் குளம், ஆறு, கால்வாய்.

நான் கற்றது விளவங்கோடு தாலுகாவில், எங்கள் ஊர்க் குளத்தில். இரண்டு தேங்காய் நெற்றைக் கயிற்றால் பிணைத்து வயிற்றுக்கடியில் கொடுத்துச் சித்தப்பா தள்ளிவிட்டார். சில நாளில் ஒரு நெற்று குறைந்தது. பிறகு அதுவும் போயிற்று. கட்டணம் கிடையாது, குடித்த தண்ணீருக்குக் கணக்கும் கிடையாது. தமிழில் 'குளித்தல்' என்றாலே முதலில் முங்குவதுதான். முத்துக்குளித்தலில் அந்தப் பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், இளமையில் மரத்திலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை நினைத்து ஒரு கிழவர் ஏங்குகிறார். வகுப்பில் படித்தபோது அது வயோதிகத்தைப் பற்றிய பாட்டு என்றுதான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது பார்த்தால் அது குளத்தைப் பற்றிய பாட்டாகவும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினோம். முதலில் பார்த்த குளத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. கம்பியில் மலையாள போர்டு. மருமகன் வாய்விட்டுப் படித்தான்: இங்கே குளிக்கக்கூடாது. உள்ளே படிக்கட்டு தெரியாமல் பாசி.

போர்டுக்குக் காரணம் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, அதியன்னூர்ப் பஞ்சாயத்தில் கண்ணறவிளை. அங்குள்ள காவின்குளத்தில் குளித்த 27 வயது இளைஞர் ஒருவர் 2024 ஜூலையில் இறந்தார். அவருடைய நண்பர்கள் சிலருக்கும் அமீபா மூளைக்காய்ச்சல் உறுதியானது. அவர்கள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்கள். உலக அளவில் நெக்லேரியா அமீபா தாக்கியவர்களில் நூற்றுக்கு 97 பேர் இறந்துவிடுகிற நிலையில் இது சாதாரண விஷயமல்ல. காய்ச்சல் என்று வந்தவுடன் 'குளத்தில் இறங்கினாயா?' என்று கேட்கக் கேரளத்து டாக்டர்கள் பழகிக்கொண்டதற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இந்த அமீபா குடிக்கிற தண்ணீரோடு வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. மோப்ப நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போய்விடும். வெதுவெதுப்பான நன்னீரும் அடிச்சேறும் அதற்கு வீடு. உப்புநீரில் அது வாழாது. கடலை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் குளத்துக்கு வந்த எங்களுக்கு இது கொஞ்சம் கேலியாகவே பட்டது.

அடுத்து நெய்யாறு இடதுகரைக் கால்வாய். பாறசாலையைத் தாண்டி எங்கள் விளவங்கோடுவரை வந்த கால்வாய் இது. தண்ணீர் திறந்துவிட்டால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் மறந்துபோகும். 2004-இல் கேரளம் தமிழகத்துக்குத் தண்ணீரை நிறுத்தியது. இரு மாநிலங்களும் வயலைப் பற்றித்தான் வாதாடின. நீச்சல் படிக்காமல் போன பிள்ளைகளுக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

பிறகு அருவிப்புறம். அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேரும் நெய்யாறு, பாறைகளுக்கிடையே இறங்குகிற இடம். 1888 சிவராத்திரியன்று நாராயண குரு இங்குள்ள சங்கரன்குழியில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாக நிறுவினார். கேரளத்துச் சாதி வரலாற்றைத் திருப்பிப்போட்ட முங்கல் அது. மருமகன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். இழுப்பைப் பார்த்த நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆற்றின் ஆழம் தெரிந்த உள்ளூர்க்காரர் துணையில்லாமல் புதியவன் இறங்குகிற இடமல்ல.

நகரத்து நீச்சல்குளம்? அங்கும் நிம்மதியில்லை. 2025 செப்டம்பரில் ஆக்குளம் சுற்றுலாக் கிராமத்து நீச்சல்குளத்தில் குளித்த 17 வயதுப் பையனுக்கு இதே காய்ச்சல் வர, குளத்தை மூடினார்கள். அந்த ஆண்டு அக்டோபருக்குள் மாநிலத்தில் நோயாளிகள் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. அதற்குச் சில வாரம் முன்பு கோழிக்கோடு மாவட்டத்தில் இறந்த மூன்று மாதக் குழந்தை எந்தக் குளத்தில் இறங்கியது? வீட்டுக் கிணற்று நீரில் அமீபா இருந்தது. குளத்துக்குப் பூட்டுப் போட்டால் ஆயிற்று என்பவர்கள் கிணற்றை என்ன செய்வார்கள்?

பூட்டுவது சுலபம். பூட்டிய குளத்தில் யாரும் பாசி வார மாட்டார்கள், சேறு எடுக்க மாட்டார்கள். குழாய் வந்ததும் நாம் குளத்தை விட்டோம், குப்பை வந்தது. இப்போது பயம் வந்திருக்கிறது. தூர்வாரினாலும் அமீபா அடியோடு ஒழியாது என்பது உண்மை. ஆனால் நீந்தத் தெரியாததும் ஆளைக் கொல்லும். 2007-இல் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் போனார்கள். இந்தக் கணக்கைப் பஞ்சாயத்துகள் போர்டில் எழுதுவதில்லை.

கடைசியில் களியக்காவிளை தாண்டி எங்கள் ஊர்க் குளத்துக்கே வந்தோம். வாழைக்குத் தண்ணீர் எடுப்பதால் அதை இன்னும் ஆண்டுதோறும் சுத்தம் செய்கிறார்கள். தங்கை போனில் நிபந்தனைகள் போட்டாள்: தலைகீழாகக் குதிக்கக்கூடாது, சேற்றைக் கலக்கக்கூடாது, தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கவேண்டும், மூக்குக் கிளிப் இல்லாமல் இறங்கக்கூடாது. துணி உலர்த்துகிற கிளிப் போதுமா என்று கேட்டேன். திட்டினாள். விளையாட்டுச் சாமான் கடையில் நல்லதாக ஒன்று வாங்கினேன்.

தேங்காய் நெற்று மட்டும் மாறவில்லை. இரண்டையும் கட்டி வயிற்றுக்கடியில் கொடுத்தேன். எதிர்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த கிழவி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"மூக்குல என்ன மக்களே?"

கிளிப்போடு அவன் சொன்ன பதில் அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. இன்னும் இரண்டு நெற்றுதான்.