கற்பூரம் எழுதிய தீர்ப்பு

கடன் வழக்கிலே கணக்கேடு பேசும், கைச்சீட்டு பேசும், சாட்சி பேசுவான் என்றெண்ணுவர் நல்லோர். நம் நாட்டு நீதிமன்றங்களிலே நெடுங்காலம் கற்பூரமும் பேசிற்று! அதன் பேச்சுக்கு மறுபேச்சும் இல்லை!

கட்டுக்கதை அன்று. 1873-ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய சத்தியப் பிரமாணச் சட்டம், 8 முதல் 11 வரையிலான பிரிவுகள். "எதிரி கோயிலிலே சத்தியம் செய்யட்டும், நான் கட்டுப்படுகிறேன்" என்று வழக்காடுவோன் கூறலாம். எதிரி இசைந்தால், சத்தியம் வாங்கிவர மன்றமே ஆள் அனுப்பலாம். அங்கே அவன் சொன்னதே முடிவான சான்று. கட்டுப்படுவதாகச் சொன்னவன் பிறகு ஆயிரம் ஆதாரம் கொணர்ந்தாலும் பயனில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலை ஏறிய கூலியை எண்ணிப் பாருங்கள். வாங்கிய முன்பணத்துக்குக் கைநாட்டு உண்டு. திருப்பித் தந்ததற்குச் சீட்டில்லை. தனக்குள்ள தெய்வ அச்சம் பிறர்க்கும் உண்டென்ற நம்பிக்கை ஒன்றே அவன் கைமுதல். "சாமி முன் கற்பூரம் அணைத்துச் சொல்லட்டும், தந்துவிடுகிறேன்" என்பான் அந்த ஏமாளி. வட்டிக்காரரோ நீராடி, நீறு பூசி, நிமிர்ந்து நின்று அணைப்பார். கோபுரம் சாயாது, ஏலம் விளையும் மலையடியிலே குடிசை ஏலம் போகும்!

அச்சமிருந்தால்தானே மெய் பேசுவர் என்பார் சனாதனிகள். யாருக்கு அச்சம்? மெய்யன் நடுங்கிச் சத்தியம் செய்ய மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் குறித்துக்கொள்ளும் மன்றம். பொய்யன் என்று ஊர் தூற்றும்.

முன்பணம் பெற்று வேலைக்கு வராதவனை இழுக்கத் தனியொரு சட்டமும் இருந்தது. 1859-இல் வந்த அது, பணத்தைத் தா, அன்றேல் உழை என்ற ஆணையை மீறியோனை 3 மாதம் வரை கடுங்காவலில் தள்ளிற்று. அதை ஒழிக்க 1925-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலே, ஒகையோவின் கர்ட்லாந்து ஊரில், தீர்க்கதரிசி எனப் போற்றப்பட்ட சோசப் சுமித் தொடங்கிய பண நிலையம் 1837-இல் முறிந்தது. கடன் கொடுத்தோர் அவரையே வழக்கு மன்றத்துக்கு இழுத்தனர். அங்கே தீர்க்கதரிசி மன்றம் ஏறினார். இங்கே மன்றம் கோயில் ஏறிற்று!

1969-இல் வந்த புதுச் சட்டம் இப்பிரிவுகளைக் கைவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்திலே கற்பூரம் இன்னும் அணையவில்லை. போடிமெட்டு வழியே இன்றும் தோட்டங்களுக்கு வண்டியேறும் தாய்மாரிடம் நாம் கேட்பது இது: பணம் திருப்பிக் கொடுக்கும் அன்றே சீட்டுக் கேளுங்கள். சாமி மேல் ஆணை என்று எவரேனும் சொன்னால், மீண்டும் சீட்டையே கேளுங்கள்.