டிஸ்க் "நகர்ந்துடுச்சு"ன்னு சொன்னா பயந்துடாதீங்க

1/ இடுப்பு வலின்னு ஓபிக்கு வர்ற பலர் கையில எம்ஆர்ஐ ஃபிலிம். "டிஸ்க் நகர்ந்துடுச்சு, இனி குனியவே கூடாதாம் சார்." என்னைக் கேட்டா, வலியை விட இந்த வார்த்தைதான் ஆளை முடக்குது.

2/ கீழ் முதுகில் 5 முள்ளெலும்புகள், எல்1 முதல் எல்5 வரை. நடுவில் இருக்கும் டிஸ்க் மேல், கீழ் எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கு. கேரம் காயின் மாதிரி வழுக்கி ஓடாது. பிதுங்கும். பலருக்கு சில மாதங்களில் அதுவே சுருங்கிடும்.

3/ வலியே இல்லாதவங்களோட ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்ததில், 20 வயசில் 37% பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயசில் 96%. தலை நரைக்கிற மாதிரிதான். இதைப் பார்க்க நகையை அடகு வெச்சு ஸ்கேன் எடுக்கணுமா?

4/ ஆனா சிறுநீர் போக முடியலை, அடக்க முடியலை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போச்சு, பாதத்தைத் தூக்க முடியலைன்னா அன்னைக்கே வாங்க. தண்டுவடம் எல்1-எல்2 கிட்டயே முடிஞ்சிடும். கீழே இருப்பது நரம்புக் கொத்து. அது நசுங்கினா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, விழுந்து அடிபட்ட பின் வலி இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

5/ மத்தவங்க படுத்தே கிடக்காம நடங்க. ஆறு வாரம் கழிச்சும் குறையலைன்னா ஸ்கேன் பத்திப் பேசுவோம்.