அபராதச் சீட்டும் வெள்ளை அங்கியும்
அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பம், பெருங்குற்றத் தண்டனை பற்றிக் கேட்பதோடு நில்லாமல், 'மிஸ்டிமீனர்' எனப்படும் சிறுகுற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா, குற்றத்தை ஒப்புக்கொண்டதுண்டா என்றும் தனியே கேட்கிறது. சிறார் வழக்குகளையும், நீதிமன்றமே பதிவிலிருந்து நீக்கிய தீர்ப்புகளையும் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், எது சிறுகுற்றம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வெர்ஜினியாவில் மணிக்கு 85 மைலைத் தாண்டி வண்டி ஓட்டினாலே அது 'பொறுப்பற்ற ஓட்டுதல்', அதாவது 12 மாதம் வரை சிறைக்கு இடமுள்ள முதல் வகைச் சிறுகுற்றம். அதே வேகம் வேறு பல மாநிலங்களில் அபராதச் சீட்டோடு முடிந்துவிடும். ஆகவே 19 வயதில் பணத்தைக் கட்டிவிட்டு அதை மறந்துபோன ஒருவர், 'இல்லை' என்ற கட்டத்தில் நம்பிக்கையோடு குறியிட்டு, இடம் கிடைத்தபின் நடக்கும் பின்னணிச் சோதனையில் பொய் சொன்னவராக நிற்க நேரலாம். வேகத்தைப் பொறுத்துக்கொள்ளும் தேர்வுக் குழு மறைப்பைப் பொறுக்காது என்பது நியாயமே, ஏனெனில் தான் தவறாக எழுதிய மருந்தளவைத் தானே முன்வந்து சொல்லக்கூடியவரிடம்தான் நோயாளி உயிரை ஒப்படைக்க முடியும். எனினும் மறதியையும் மறைப்பையும் ஒரே தட்டில் வைப்பது இளைஞர்களுக்கு இழைக்கப்படும் கொடுமை. விளக்கத்துக்கு இடைவெளி உட்பட 1325 எழுத்துகளை மட்டும் தரும் அந்தப் படிவம், நீதிமன்றத்தில் தீர்ப்பின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு விடையளியுங்கள் என்று கேள்விக்குக் கீழேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.