மாலை சுத்தின குழந்தையும் ரிப்போர்ட்ல இல்லாத ஒரு வரியும்

போன மாசம் ஒரு ராத்திரி டியூட்டி. ஒன்பது மாச கர்ப்பிணி ஒருத்தங்களைக் கூட்டிக்கிட்டு ஆறு பேர் வந்தாங்க. வலி இல்ல. தண்ணி உடையல. ரத்தப்போக்கு இல்ல. கையில ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும். குழந்தையோட கழுத்தைச் சுத்தி ஒரு சுத்து கொடி இருக்குன்னு அதுல ஒரு வரி.

"இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துருங்க டாக்டரம்மா" என்கிறார் மாமியார். பொண்ணோட தம்பி, 22 வயசு இருக்கும், வாசல்ல சுவத்துல சாஞ்சு நிக்கிறார். முகமே சரியில்ல. என்னப்பான்னு கேட்டா, "மாலை சுத்திப் பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு அப்பத்தா சொல்லுது மேடம்".

இந்தத் திரெட் அந்தத் தம்பிக்காகத்தான் ஆரம்பிச்சேன். எழுத எழுத வேற இடத்துக்குப் போயிடுச்சு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் மகப்பேறு நிபுணர் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சு அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவள். பிரசவ வார்டுல நிறைய ராத்திரி நின்னிருக்கேன், அவ்வளவுதான்.

கொடி கழுத்துல சுத்தியிருக்கிறது அபூர்வமே இல்ல. பிறக்குற குழந்தைகள்ல நாலுல ஒண்ணுக்கு, கிட்டத்தட்ட, இருக்கும். தூக்கு மாட்டின மாதிரி மூச்சு முட்டுமேன்னு பயப்படுறோம். ஆனா வயித்துக்குள்ள குழந்தை மூக்கு வழியா மூச்சே விடுறதில்ல. ஆக்ஸிஜன் வர்றது அந்தக் கொடி வழியாத்தான். கொடி 50, 60 செ.மீ. நீளம். உள்ள ரெண்டு தமனி, ஒரு சிரை. மூணையும் சுத்தி ஜெல்லி மாதிரி ஒரு வழவழப்பான பொருள். லேசா அழுத்தினாலும் குழாய் நசுங்காம அது காப்பாத்தும். பெரும்பாலும் சுத்து தளர்வாத்தான் இருக்கும். தலை வெளிய வந்ததும் விரலை விட்டு அப்படியே தலை வழியா கழட்டி விட்டுருவோம். எங்க நர்ஸ் அக்கா ஒருத்தங்க இதைப் பேசிக்கிட்டே பண்ணுவாங்க.

சில நேரம் இறுக்கமா இருந்து, வலி வரும்போது இதயத்துடிப்பு இறங்கும். அதைத்தான் பிரசவ நேரத்துல அடிக்கடி துடிப்பு கேட்டுப் பாக்குறோம். இறங்கினா ஆபரேஷன். இறங்கலைன்னா, ரிப்போர்ட்ல உள்ள அந்த ஒரு வரிக்காக மட்டும் வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன். தனியார்ல மட்டும் பாத்தா 64. இதுல எத்தனை "கொடி சுத்தியிருக்கு"ன்னு எழுதி நடந்ததுன்னு யாரும் எண்ணி வைக்கல. ஆனா எங்க வார்டுக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு வர்றவங்ககிட்ட "முதல் குழந்தைக்கு ஏன் ஆபரேஷன்?"னு கேட்டுப் பாருங்க, இந்தப் பதில் சலிக்கிற அளவுக்கு வரும்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். கொடியில நெஜமாவே பயப்பட வேண்டியது வேற. அதைப் பத்தி நம்ம வீட்லயும் பேச்சு இல்ல, பல ரிப்போர்ட்லயும் எழுத்து இல்ல.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நடந்தது. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். ரெண்டாவது பிரசவம், 38 வாரம், எல்லாம் நார்மல்னு இருந்த பொண்ணு. பனிக்குடம் உடைஞ்சுது. தண்ணியோட கொஞ்சம் ரத்தம். அம்மாவுக்கு பிபி நல்லாருக்கு, நாடி நல்லாருக்கு. குழந்தையோட துடிப்பு மட்டும் இறங்கிக்கிட்டே போகுது. ஓடினோம். தியேட்டர்ல எடுத்தப்போ குழந்தை காகிதம் மாதிரி வெளுத்துக் கெடந்தது. பிழைக்கல.

அந்த அப்பா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "ஒரு டம்ளர் ரத்தம் கூடப் போகலையேம்மா?"

ஆமா, போகல. ஆனா அது அம்மாவோட ரத்தம் இல்ல, குழந்தையோட ரத்தம். மூணு கிலோ குழந்தையோட உடம்புல மொத்த ரத்தமே 250, 300 மில்லிதான். ஒரு டம்ளர்னா அநேகமா அத்தனையும்.

சீனியர் மேடம் நஞ்சை விரிச்சுக் காட்டினாங்க. சாதாரணமா கொடி நஞ்சோட நடுப்பகுதியில வந்து ஒட்டும். அதுல கொடி நஞ்சுக்கு வெளிய, சவ்வுல ஒட்டியிருந்துச்சு. அங்கிருந்து ரத்தக்குழாய்கள் ஜெல்லி இல்லாம, துணையில்லாம, வெறும் சவ்வு மேல ஓடி நஞ்சுக்குப் போகுது. இப்படி ஒட்டுறது நூத்துல ஒருத்தருக்கு இருக்கலாம், பல பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் குழாய் கர்ப்பப்பை வாய்க்கு மேல குறுக்கே ஓடினா அதுக்குப் பேர் வாசா ப்ரீவியா. பனிக்குடம் உடையும்போது குழாயும் சேர்ந்து கிழியும். ஆயிரக்கணக்கான கர்ப்பத்துல ஒண்ணுக்குத்தான் வரும்.

அந்தப் பொண்ணோட ஃபைல்ல மூணு ஸ்கேன் ரிப்போர்ட் இருந்துச்சு. அஞ்சாம் மாச ரிப்போர்ட்ல நஞ்சு கீழ இருக்குன்னு எழுதியிருந்தாங்க. எட்டாம் மாசத்துல மேல ஏறிடுச்சு, நார்மல். எல்லாரும் நிம்மதியாயிட்டோம். கீழ இருந்து மேல ஏறின நஞ்சுதான் இந்தப் பிரச்னைக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கைன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. கொடி நஞ்சுல எங்க ஒட்டியிருக்குன்னு மூணு ரிப்போர்ட்லயும் ஒரு வார்த்தை இல்ல.

இதை முன்னாடியே கண்டுபிடிச்சா என்ன ஆகும்? 2004-ல 155 கர்ப்பங்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. முன்கூட்டியே தெரிஞ்சவங்க குழந்தைகள்ல 97 சதவீதம் பிழைச்சுது. பிரசவத்துல தெரிய வந்தவங்க குழந்தைகள்ல 44 சதவீதம்தான். வைத்தியம்னு பெருசா ஒண்ணும் இல்ல. எட்டாம் மாசம் வாக்குல பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல வச்சுக்கணும், குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போடணும், பனிக்குடம் உடையறதுக்கு முன்னாடி 34-லேர்ந்து 37 வாரத்துக்குள்ள சிசேரியன் பண்ணணும். சிசேரியன் ஒரு உயிரைக் காப்பாத்துற இடம் இது. கழுத்துச் சுத்துக்குப் பண்றோம், இதுக்குப் பண்ணாம விட்டுடறோம்.

அதனால என் கருத்து இதுதான். அஞ்சாம் மாச அனாமலி ஸ்கேன் ரிப்போர்ட் படிவத்துல, நஞ்சு எங்க இருக்குங்கற வரிக்குக் கீழ, "கொடி ஒட்டியிருக்கும் இடம்"னு இன்னொரு வரி கட்டாயமா அச்சடிச்சு வைக்கணும். அரசு, தனியார் எல்லா இடத்துலயும். காலி இடம் இருந்தா கை தானா நிரப்பும். இல்லாட்டி கண்ணு அங்க போகாது.

எதிர்வாதம் இருக்கு, அதுல நியாயமும் இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு ஸ்கேன் பாக்குற ரேடியாலஜிஸ்ட் நண்பர் இதைக் கேட்டதும் சிரிச்சார். "ஏற்கெனவே மூச்சு விட நேரமில்ல." பிரிட்டன்லயே எல்லாருக்கும் இதைத் தேடணும்னு பரிந்துரை கிடையாது. இல்லாத பிரச்னையை இருக்குன்னு சொல்லி ஒருத்தரை ஒன்றரை மாசம் முன்னாடியே ஆபரேஷனுக்கு அனுப்பிடுவோமோங்கற பயமும் சும்மா இல்ல. ஒத்துக்கறேன். அப்போ குறைஞ்சபட்சம் ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்காவது பாருங்க. அஞ்சாம் மாசத்துல நஞ்சு கீழ இருந்தவங்க, இரட்டைக் குழந்தை, ஐவிஎஃப்ல தரிச்சவங்க, நஞ்சு ரெண்டு துண்டா இருக்கிறவங்க. இவங்களுக்கு கலர் டாப்ளர்ல உள்பக்கமா ஒரு தடவை பாத்தா போதும், சில நிமிஷ வேலை.

இந்த நாலுல நீங்களோ உங்க வீட்டுப் பொண்ணோ இருந்தா, ஸ்கேன் அறையில கூச்சப்படாம கேளுங்க: "கொடி எங்க ஒட்டியிருக்கு டாக்டர்?" கோபப்பட்டா படட்டும்.

கொடியில ரெண்டு தமனிக்குப் பதில் ஒண்ணுதான் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா பதறாதீங்க. இதயம், சிறுநீரகம் நல்லாருக்கான்னு பாத்து, வளர்ச்சியைக் கவனிச்சா போதும். வேற குறை இல்லாத பெரும்பாலான குழந்தைகள் நல்லாவே பிறக்கும்.

பனிக்குடம் உடைஞ்சதும் கொடி வெளிய நழுவி வந்துட்டா அது நெஜமான அவசரம். நடக்க விடாதீங்க. முட்டி போட்டு, நெஞ்சைத் தரையில வச்சு, இடுப்பைத் தூக்கின நிலையில இருக்கணும். கொடியைத் தொட்டு உள்ள தள்ளாதீங்க. 108.

கொடியில நெஜமாவே முடிச்சு விழுறதும் உண்டு, நூத்துல ஒண்ணு. ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. முக்கால்வாசி முடிச்சு இறுகாது, இறுகினா குழந்தை போயிடும். அப்படிக் குழந்தையை இழந்த ஒரு பொண்ணுகிட்ட, "எந்திரிச்சு உக்காந்து திரும்பிப் படுன்னு எத்தனை தடவை சொன்னேன், அப்படியே புரண்டியே"ன்னு அவங்க அம்மாவே வார்டுல சொன்னதைக் கேட்டிருக்கேன். தப்புங்க. நீங்க புரண்டு படுக்கறதாலயோ, கையைத் தூக்கிக் கொடியில துணி காயப்போடறதாலயோ வயித்துக்குள்ள கொடி முடிச்சு விழாது. குழந்தை சின்னதா இருக்கும்போது தண்ணியில அதுவா நீந்தி, கொடிக்குள்ள புகுந்து வர்றதுல விழுறது அது. அம்மா செஞ்ச தப்பு எதுவும் அதுல இல்ல.

அம்மாவால செய்ய முடிஞ்சது ஒண்ணு இருக்கு. ஏழு மாசத்துக்கு மேல தினமும் அசைவைக் கவனிக்கிறது. ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரலைன்னா, இல்ல வழக்கத்தை விடக் குறைஞ்ச மாதிரி தோணினா, அன்னைக்கே வாங்க. "பிரசவம் நெருங்கினா அசைவு குறையும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் வாங்க, நாங்க திட்ட மாட்டோம். திட்டினா என்கிட்ட சொல்லுங்க.

அந்த ஒன்பது மாசப் பொண்ணுக்கு மூணு நாள் கழிச்சு வலி வந்து சுகப்பிரசவம். ஒரு சுத்துதான், தளர்வா இருந்துச்சு. ஆண் குழந்தை, 2.9 கிலோ. தாய்மாமன் ஒரு கிண்ணத்துல நல்லெண்ணெய் கொண்டுவந்து, அதுல குழந்தை முகத்தைப் பாத்துட்டுத்தான் நேர்ல பாத்தார். அப்பத்தா விடலையாம். நானும் ஒண்ணும் சொல்லல. எண்ணெய் சிந்தாமப் பாத்துக்கச் சொன்னேன்.