பட்டுக் கடைத்தெருவும் பழிச்சொல்லும்

பழைய கெய்ரோ மாநகரின் தெருச் சித்திரங்களைக் காட்டி, "பாருங்கள், இச்சமுதாயத்தின் சோம்பலை! பட்டப்பகலில் திண்ணையில் அமர்ந்து புகைபிடிக்கிறார்கள்; கட்டடங்களெல்லாம் பாழடைந்து கிடக்கின்றன" என்று தீர்ப்புரைப்போர் உளர். பிறர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நம்மவரே மேடையேறி அதனை வழிமொழிவதைத்தான் பொறுக்க இயலவில்லை.

அத்தகைய சித்திரங்களுள் புகழ்பெற்ற ஒன்று, டேவிட் ராபர்ட்ஸ் எனும் ஸ்காட்லாந்து ஓவியர் வரைந்த பட்டு வணிகர் கடைத்தெரு. 1838-ஆம் ஆண்டின் இறுதியில் கெய்ரோ வந்து சில வாரங்களே தங்கியவர் அவர். இடம், கூரிய்யாத் தெரு. சுல்தான் அல்-கூரி 1503 முதல் 1505 வரை எழுப்பிய மத்ரஸா ஒருபுறம், அடக்கஸ்தலம் மறுபுறம். இடையே மரக்கூரை வேய்ந்த கடைவீதி. கட்டடங்கள் வானளாவ நிற்கின்றன, மனிதர்களோ சிற்றுருவங்கள். இதில் வியப்பென்ன? ராபர்ட்ஸ் லண்டன் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை தீட்டிப் பழகியவர். அவருக்குச் சுவரும் வளைவுமே கதாநாயகர்கள். மனிதர், சுவரின் உயரத்தை அளந்து காட்டும் கோல்.

சரி, அந்தத் திண்ணைச் சோம்பலுக்கு வருவோம். அதே நகரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அரபு மொழி கற்று, எகிப்தியரின் பழக்கவழக்கங்கள் குறித்து 1836-இல் நூல் வெளியிட்டவர் எட்வர்ட் லேன். (அவரும் நமக்குப் பரிந்து பேச வந்தவரல்லர்.) கடை என்பது சுவரில் குடைந்தாற்போன்ற ஒரு சிறு அறை, அதன் முன்னே 'மஸ்தபா' எனும் திண்ணை. வணிகர் அதில் அமர்ந்திருப்பார். வாங்க வந்தவரும் ஏறி அமர்வார். புகைக்குழாய் நீட்டப்படும், காப்பி வரும், விலை பேசப்படும், நெடுநேரம் பேசப்படும். ஆக, அங்கே அமர்ந்திருப்பவர் சோம்பிக் கிடக்கவில்லை, ஐயா, வியாபாரம் செய்கிறார்! பட்டை என்ன, தெருவில் கூவியா விற்பார்கள்?

பாழடைந்த கட்டடங்களோ வேறு கதை. 1835-இல் கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியது. ராபர்ட்ஸ் வந்தது, அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து. அதற்கும் முன்பே, பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் பேணி வந்த வக்ஃபு நிலங்களில் முஹம்மது அலீ பாஷா கைவைத்துவிட்டார். உழவர்களைப் படைக்குப் பிடித்துச் சென்றார். வருமானம் போன கட்டடத்திற்குச் சுண்ணாம்பு பூசுவது யார்? பாஷாவும் முஸ்லிம்தானே என்பீர்கள். ஆம். அல்-கூரியும் முஸ்லிம்தான்; வரிக் கொடுமைக்குப் பேர்போனவர். ஆள்வோரின் கணக்கை மார்க்கத்தின் பற்றில் எழுதுவது எவ்வூர் நியாயம்?

எட்வர்ட் ஸயீத் 1978-இல் வெளியிட்ட நூலைப் படித்துவிட்டு, மேலைநாட்டார் வரைந்த படங்களையே ஒதுக்கிவிட வேண்டும் என்னும் அன்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஸயீத் அப்படிச் சொல்லவில்லை என்பது ஒருபுறமிருக்கட்டும். இந்தப் படத்தைக் கிழித்தெறிந்தால், மத்ரஸாவின் நிழலிலேயே கடைவீதியும் நடந்ததைக் கண்ணாரக் காட்டும் சான்றைக் கிழித்தவராவோம். ஓவியர் அளவுகோலாக நிறுத்திய அம்மனிதர்களை நாமாவது சற்று நின்று பார்க்கலாம்.