பாங்கன் இல்லாத தலைவன்

'காதல் – தி கோர்' பற்றி மேலும் ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுத முனையும் ஆய்வாள நண்பர்களிடம் ஒரு கேள்வி. அப்படத்தின் மாத்யூவுக்குத் தன்னைப் போன்ற நண்பர் ஒருவர்கூட இல்லை. இந்த இன்மை ஏன் நம் ஆய்வுப் பொருளாகவில்லை?

படத்தின் தகுதியை நான் மறுக்கவில்லை. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்சநீதிமன்றம் மறுத்தது. மம்மூட்டி தாமே தயாரித்து இப்பாத்திரத்தில் நடித்த படம் அடுத்த மாதமே திரைக்கு வந்தது; அது துணிவுதான். சிறந்த படத்துக்கான கேரள அரசின் விருதும் தக்கதே. ஆயினும் வரிசையைப் பாருங்கள்: 2013இல் 'மும்பை போலீஸ்', 2019இல் 'மூத்தோன்', பிறகு 'காதல்'. முதலாவதில் கொலை, இரண்டாவதில் தற்கொலை, மூன்றாவதில் விவாகரத்து வழக்கு. தன்பாலீர்ப்புடைய ஆண் நம் திரைக்குள் நுழைய வேண்டுமானால் பிணவறை வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோதான் வர வேண்டும் போலும்.

கோழிக்கோட்டில் வாழும் இளம் நண்பர்களைப் பற்றி ஜயன் செறியான் எடுத்த 'கா பாடிஸ்கேப்ஸ்' வேறு வழியில் வந்தது. 2016இல் இதே திருவனந்தபுரத்திலுள்ள தணிக்கை வாரிய மண்டல அலுவலகம் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. தன்பாலுறவைப் போற்றுகிறது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. துயருறுபவனுக்கு விருது, நண்பர்களோடு வாழ்பவனுக்குத் தடை: இதைத் தற்செயல் என்று கடந்துவிட முடியுமா?

2014இல் அமெரிக்காவின் எச்.பி.ஓ. 'லுக்கிங்' என்னும் தொடரை ஒளிபரப்பியது. சான் பிரான்சிஸ்கோவில் வாழும் மூன்று நண்பர்கள். வேலை, வீடு, காதல், மனத்தாங்கல். அதில் எதுவுமே நிகழவில்லை, சலிப்பூட்டுகிறது என்றனர் பலர். இரண்டு பருவங்களோடு தொடர் நின்றது. எனக்கு அந்தச் சலிப்பே அதன் அரசியலாகத் தோன்றுகிறது. பேரிடர் ஏதுமின்றி ஒருவனைத் திரையில் காணப் பொறுக்காத சமூகம் அவனை இன்னும் மனிதனாக ஏற்கவில்லை.

'அது மேலைநாட்டு வாழ்க்கை. நம்முடையது குடும்பச் சமூகம்' என்பார்கள். தமிழ்த்துறையினர் இதைச் சொல்லும்போது வியப்பே மிகுகிறது. அகத்திணையில் தலைவனுக்குப் பாங்கன் உண்டு. தலைவிக்குத் தோழி உண்டு. காதலைக் கேட்க, இடித்துரைக்க, துணை நிற்க ஒரு நட்பு வேண்டும் என்பதை இலக்கணமாகவே வகுத்த மரபு நமது. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பை வகுப்புதோறும் நடத்துகிறோம். பிறந்த வீடு கதவடைக்கும்போது ஒருவனுக்கு எஞ்சுவது நண்பர்கள்தாம். அவர்களை நீக்கிவிட்டு அவன் கதையைச் சொல்வது மரபைக் காப்பதாகாது. அவனைத் தனிமைச் சிறையில் அடைப்பதே ஆகும்.

திரைப்படம் இரண்டரை மணி நேரம் உலுக்கிவிட்டுப் போய்விடும். தொலைக்காட்சித் தொடரோ மாலைதோறும் வீட்டுக்குள் வந்து பழக்கமாகிறது. மாமியார் மருமகள் பகையை ஆயிரம் பகுதிகளுக்கு இழுக்கத் தெரிந்த மலையாள, தமிழ்த் தொடர்கள், மூன்று நண்பர்கள் வாடகைக்கு வீடு தேடும் கதையை ஒரு வாரமேனும் சொல்லட்டும். அதுவரை, ஒற்றைப் படத்தைச் சுட்டி 'நாம் முன்னேறிவிட்டோம்' என்று எழுதும் கட்டுரைகளைச் சற்றே நிறுத்தி வைப்போம்.