பெயின்ட் ரேட் கேட்டீங்க... வாரிய அட்டை கேட்டீங்களா?

கார்த்திகை தீபம் நெருங்கினாலே திருவண்ணாமலையில் லாட்ஜ், வீடு என்று எங்கும் சாரம் கட்டிவிடுவார்கள். சதுர அடிக்கு என்ன ரேட், புட்டி உண்டா, எந்த கம்பெனி பெயின்ட்? நம் கேள்விகள் இதோடு முடிந்துவிடும். மூணாவது மாடிச் சாரத்தில் நிற்பவர் விழுந்தால் என்ன ஆகும்னு யாரும் கேட்பதில்லை.

வயரிங் வேலைக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். பெயின்டிங் காண்ட்ராக்டருக்கு அப்படித் தனி லைசென்ஸ் கிடையாது. இருக்கிற வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க பிளான் அனுமதியும் தேவையில்லை. ஆக, எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. கேட்க வேண்டியது நாம்தான்.

வேலையில் நேரும் விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தரணும் என்ற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. ஆனால் எல்லாமே வாய்ப்பேச்சு. 'அவர் என் ஆளே இல்லை' என்று காண்ட்ராக்டர் கைவிரித்தால், நிரூபிப்பதற்குள் குடும்பம் நொந்துவிடும்.

அப்போது கைகொடுப்பது தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம். 18 முதல் 60 வயது வரை பெயின்டர்களும் இலவசமாகப் பதியலாம். பணியிட விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவில் மேலும் 2 லட்சம் ரூபாய். ஒரு டீ, வடை காசுதான்!

காண்ட்ராக்டர் தன் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால் ரேட் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாரிய அட்டை, பாலிசி நகல் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.